திறந்து கழுவ மனம் வரும் ஃபில்டரே நல்ல ஃபில்டர்

நன்னீர் மீன் தொட்டிக்கு எந்தக் கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே டப்பாவாக நின்று குழாய்கள் வழியாகத் தண்ணீரை வடிகட்டுவது) வாங்கலாம் என்று யார் கேட்டாலும், நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அதை வைக்கப்போகும் அலமாரிக்குள் உங்கள் இரண்டு கைகளும் தாராளமாகப் போகுமா? கேட்டவர்கள் பெரும்பாலும் திகைப்பார்கள். மணிக்கு எத்தனை லிட்டர், எத்தனை வாட், எந்தக் கம்பெனி என்றுதான் பேச்சு தொடங்கும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவையும் தேவைதான். ஆனால் பல வகைக் கேனிஸ்டர்களை வைத்துப் பராமரித்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவது இதுதான்: மூடியைத் திறப்பது சிரமமாக இருக்கும் ஃபில்டர், எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், திறக்கப்படாமலேயே கிடக்கும். திறக்கப்படாத ஃபில்டர் மீன்களைக் காப்பாற்றாது.

தொட்டிக்குள் வைக்கும் ஃபில்டரிலும் விளிம்பில் தொங்கும் ஃபில்டரிலும் அழுக்கு கண்ணில் படும். பஞ்சு பழுப்பேறியதும் கை தானாக நீளும். கேனிஸ்டர் அப்படியல்ல. அது தொட்டிக்குக் கீழே, கதவுக்குப் பின்னால், மூடிய டப்பாவாக உட்கார்ந்திருக்கிறது. உள்ளே சேரும் கழிவும் மிச்ச உணவும் நம் பார்வையிலிருந்துதான் போயிருக்கின்றன, தண்ணீரிலிருந்து போகவில்லை. மீன் தொட்டியின் தண்ணீர் முழுவதும் அந்தக் கழிவின் ஊடாகத்தான் நாள் முழுக்க ஓடுகிறது. அது அங்கேயே மட்கி, கரைந்து, நைட்ரேட்டாகத் திரும்பி வருகிறது. தொட்டி பளிங்குபோல் தெளிவாக இருக்கும்போதே நைட்ரேட் அளவு ஏறிக்கொண்டிருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இனி அந்த லிட்டர் கணக்கு. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண், பொதுவாகக் குழாயும் பஞ்சும் எதுவும் இல்லாமல் மோட்டார் மட்டும் தள்ளும் அளவு. சில நிறுவனங்கள் இரண்டையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகின்றன. ஃப்ளூவல் எஃப்எக்ஸ்6 என்ற பெரிய கேனிஸ்டருக்கு மோட்டாரின் திறன் மணிக்கு 3,500 லிட்டர் என்றும், ஃபில்டராக ஓடும்போது 2,130 லிட்டர் என்றும் அந்நிறுவனமே போட்டிருக்கிறது. அதாவது, புதிய ஃபில்டரிலேயே ஏறத்தாழ 40 சதவீதம் குறைவு. ஒரே எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டிருக்கும் பெட்டியைப் பார்த்தால் அதில் பாதியை மனத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். ஏமாற்றம் வராது.

உண்மையான ஓட்டத்தை அளப்பது எளிது. வெளியேற்றும் குழாயின் நுனியைக் கழற்றி, தொட்டியின் நீர்மட்டத்தின் உயரத்திலேயே பிடித்து, 10 லிட்டர் வாளியை நிரப்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 36,000-ஐ அந்த வினாடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று கிடைத்துவிடும். உயரம் முக்கியம். வாளியைத் தரையில் வைத்து, குழாயையும் அதற்குள் தாழ்த்திப் பிடித்தால், தண்ணீர் தன் எடையாலேயே குழாய் வழியாகக் கீழே இறங்கும் சைஃபன் விசையும் சேர்ந்துகொள்ளும். பொய்யான எண் வரும். என்னிடம் இருப்பது 240 லிட்டர் தொட்டி. மண்ணும் கல்லும் மரமும் போக உள்ளே இருக்கும் தண்ணீர் 200 லிட்டர் சொச்சம். மணிக்கு 1,000 லிட்டர் என்று பெட்டியில் எழுதியிருந்த ஃபில்டர், பஞ்சும் செராமிக் வளையங்களும் நிரப்பிச் சுத்தமாக ஓடியபோது 620 தந்தது. பஞ்சு அடைத்துக்கொண்ட நிலையில் அதே ஃபில்டர் 400-க்கு இறங்கியது. அன்று முதல் எனக்கு அந்த வாளிதான் நாட்காட்டி. ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் கழுவும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

ஏன் இவ்வளவு குறைகிறது என்பதைப் புரிந்துகொண்டால் தேர்வும் எளிதாகிவிடும். கேனிஸ்டரில் தண்ணீர் சைஃபன் முறையில் தானாகக் கீழே இறங்குகிறது. மோட்டார் அதை மேலே திருப்பி அனுப்புகிறது. இரண்டு குழாய்களும் ஒரே நீர்மட்டத்தில் முடிவதால், இறங்கும் தண்ணீரின் எடையும் ஏறும் தண்ணீரின் எடையும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. மோட்டார் தண்ணீரைத் தூக்க வேண்டியதில்லை. குழாயிலும் பஞ்சிலும் ஏற்படும் உராய்வை மட்டும் வென்றால் போதும். எய்ஹைம் கிளாசிக் 2213 போன்ற ஃபில்டர் வெறும் 8 வாட்டில் மணிக்கு 440 லிட்டர் என்ற அளவை எட்டுவது இதனால்தான். ஆனால் இதே காரணத்தால், உராய்வு சற்று கூடினாலும் ஓட்டம் சட்டென்று விழும். அடைத்த பஞ்சு, மடங்கிய குழாய், தேவைக்கு மேல் நீளமான குழாய், உள்ளே வழவழப்பாகப் படியும் பழுப்புப் படலம் ஆகிய எல்லாமே அதற்கு எதிரிகள். நெளிநெளியான குழாயைவிட உட்புறம் வழுவழுப்பான குழாய் எனக்குப் பிடிக்கும். நெளிவுகளுக்குள் அழுக்கு தங்கிவிடும். நீண்ட தூரிகை விட்டாலும் முழுதாக வராது.

மணிக்கு நான்கைந்து முறையாவது தொட்டித் தண்ணீர் ஃபில்டர் வழியாகச் சுற்றி வர வேண்டும் என்று ஒரு விதி சொல்லப்படுகிறது. தொடக்கத்தில் வழிகாட்ட அது போதும். அதைச் சட்டமாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். என் தொட்டியில் மூன்று முறைதான் சுற்றுகிறது. மீன்களுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் தொடர்ந்து பூஜ்யம். காரணம், மீன்களின் எண்ணிக்கை அளவாக இருக்கிறது, செடிகள் அடர்ந்திருக்கின்றன, உணவு அளவு பார்த்தே போடப்படுகிறது. இதே அளவுத் தொட்டியில் தங்க மீன்களை வைத்திருந்தால் இந்த ஃபில்டர் திணறியிருக்கும். தொட்டியின் அளவைப் பார்த்து வாங்குவதைவிட, ஒரு நாளில் எவ்வளவு உணவு உள்ளே போகிறது என்பதைப் பார்த்து வாங்குவது சரியான வழி. போடும் உணவில் உள்ள புரதம்தான் கடைசியில் அம்மோனியாவாகிறது.

அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள்தான் ஃபில்டரின் உண்மையான குடிகள். நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1998-இல் வெளியான ஆய்வு, நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று காட்டியது. இரண்டு கட்டங்களையும் தனியாகவே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகளும் உண்டு என்பது 2015-இல் தெரியவந்தது. இவற்றின் பெயர் நமக்குத் தேவைப்படாமல் போகலாம். இவற்றின் பசி தேவைப்படும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க ஏறத்தாழ 4.5 கிராம் ஆக்சிஜன் செலவாகிறது. மூடிய டப்பாவுக்குள் ஆக்சிஜன் வருவதற்கு ஓடும் தண்ணீரைத் தவிர வேறு வழியே இல்லை. எனவே அடைத்துக்கொண்ட பஞ்சு, அழுக்கைத் தேக்குவதோடு நிற்பதில்லை. இந்த உயிர்களின் மூச்சையும் நிறுத்துகிறது.

ஆகவே உள்ளே என்ன வைக்கிறோம், எந்த வரிசையில் வைக்கிறோம் என்பது கம்பெனிப் பெயரைவிட எனக்கு முக்கியம். தண்ணீர் முதலில் தொடுவது பெருந்துளைப் பஞ்சாக இருக்க வேண்டும். ஓர் அங்குலத்துக்கு 20 துளை அளவு எனக்கு ஒத்துவருகிறது. அடுத்து 30 துளைப் பஞ்சு. அதன் பிறகே செராமிக் வளையங்களோ நுண்துளைக் கற்களோ வர வேண்டும். வெள்ளை நைலான் பஞ்சை ஓட்டத்தின் கடைசியில், தண்ணீர் பளிச்சென்று தெரிய வேண்டும் என்னும்போது மட்டும் வைக்கிறேன். சில நாட்களில் அடைத்துவிடும் என்பதால் நிரந்தரமாக வைப்பதில்லை. இங்கே ஒரு குழப்பம் பலருக்கு வருகிறது. மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா? அது ஃபில்டரைப் பொறுத்தது. பெரும்பாலானவற்றில் தண்ணீர் முதலில் அடிக்குச் சென்று கூடைகளின் வழியே மேலே ஏறுகிறது. வேறு விதமாக ஓடுவனவும் உண்டு. கூடையின் இடத்தைப் பார்க்காதீர்கள், தண்ணீரின் பாதையைப் பின்தொடருங்கள்.

விலை உயர்ந்த நுண்துளைக் கற்களைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் கல்லுக்குள் எத்தனை நூறு சதுர மீட்டர் பரப்பு இருக்கிறது என்று விளம்பரங்கள் அடுக்குகின்றன. அந்தப் பரப்பின் பெரும் பகுதி, தண்ணீர் நுழையாத நுண்ணிய துளைகளுக்குள் இருக்கிறது; நுழையும் துளைகளும் படலம் மூடி அடைபடுகின்றன. தண்ணீர் தடையின்றிப் பாயும் சாதாரணப் பஞ்சே சிறந்த உயிரியல் ஊடகம், அதாவது நுண்ணுயிர்கள் குடியேறும் பொருள், என்ற முடிவுக்கு நான் வந்து பல காலம் ஆகிறது. இப்போது என் கேனிஸ்டரில் பாதிக்கு மேல் பஞ்சுதான். எனவே வாங்கும்போது பார்க்க வேண்டியது, கற்கள் இலவசமாக வருகின்றனவா என்பதையல்ல, எத்தனை லிட்டர் ஊடகம் கொள்ளும் என்பதை. மேலே சொன்ன 2213-இல் ஏறத்தாழ 3 லிட்டர் கொள்ளும். பெரிய உருளைக்குள் கனமான மோட்டாரும் சிறிய கூடைகளும் மட்டும் இருந்தால், அந்தப் பருமன் நமக்குப் பயன்படாது. கூடைக்கும் சுவருக்கும் இடையே இடைவெளி இருக்கிறதா என்றும் கவனியுங்கள். தண்ணீர் எப்போதும் சுலபமான வழியைத் தேடும். பஞ்சு அழுக்கானதும் அந்த இடைவெளி வழியாக வடிகட்டப்படாமலே மேலே போய்விடும். கரியைப் பொறுத்தவரை, மருந்தையோ மரக்கட்டையின் சாயத்தையோ நீக்க வேண்டியபோது மட்டும் போடுகிறேன். சில வாரங்களில் அதன் வேலை முடிந்துவிடும். பிறகு இடத்தைத்தான் அடைத்துக்கொண்டிருக்கும்.

இனி, நான் முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கழுவுவது என்றால் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மின்சாரத்தை நிறுத்த வேண்டும், குழாய்களின் அடைப்பான்களை மூட வேண்டும், குழாய்களைத் தலையிலிருந்து, அதாவது டப்பாவின் மேல்மூடியிலிருந்து, பிரிக்க வேண்டும், தண்ணீர் நிறைந்த டப்பாவை வெளியே தூக்க வேண்டும், கிளிப்புகளைத் திறந்து தலையை எடுக்க வேண்டும், கூடைகளை உருவ வேண்டும். இத்தனையையும் குனிந்த நிலையில், தரையில் தண்ணீர் சிந்தாமல். இதில் ஒரு படி எரிச்சலூட்டினாலும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடத் தோன்றும். இரண்டு குழாய்களையும் ஒரே பிடியில் அடைத்துப் பிரிக்கும் அமைப்பு இருந்தால் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கலாம். தயங்கவே வேண்டாம். அலமாரியின் உயரத்தையும் வாங்குமுன் அளந்துகொள்ளுங்கள். டப்பாவின் உயரம் மட்டும் போதாது. மேலே குழாய்கள் மடங்காமல் வளைவதற்கும் கை நுழைவதற்கும் இடம் விட வேண்டும்.

கழுவும் வேலையைப் பாதியாகக் குறைப்பது, பெரிய அழுக்கை முதலிலேயே பிடித்துவிடும் முன்வடிகட்டி. ஓவாசே பயோமாஸ்டர் வரிசையில், டப்பாவைத் திறக்காமலே முன்வடிகட்டியை மட்டும் உருவி எடுத்துக் கழுவ முடியும். கேனிஸ்டர் வடிவமைப்பில் வந்த நல்ல மாற்றங்களில் ஒன்றாக நான் இதைக் கருதுகிறேன். அந்த வசதி இல்லாத ஃபில்டருக்கும் வழி இருக்கிறது. தொட்டிக்குள் உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு பெருந்துளைப் பஞ்சைச் செருகிவிட்டால் போதும். பார்க்க அழகாக இருக்காது; செடிக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளலாம். தண்ணீர் மாற்றும்போதெல்லாம் அதைப் பிழிந்துவிட்டால் உள்ளே இருக்கும் கூடைகள் நீண்ட காலம் சுத்தமாக இருக்கும். குட்டி மீன்களும் இறால்களும் உள்ளே இழுக்கப்படாமல் தப்பும். மோட்டாரில் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரில் நத்தை ஓடுகளும் மணலும் சிக்குவதும் நின்றுவிடும்.

ஊடகத்தைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்தான் அலச வேண்டும். குளோரின் கலந்த குழாய் நீர் அந்த நுண்ணுயிர்களுக்குப் பகை. எல்லாக் கூடைகளையும் ஒரே நாளில் புதிதுபோலத் தேய்த்துவிடவும் கூடாது; பஞ்சை நன்றாகப் பிழிவேன், வளையங்களை லேசாக ஆட்டி எடுப்பேன். தலையை மூடுமுன், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கையும் அது உட்காரும் பள்ளத்தையும் விரலால் துடைத்துப் பார்ப்பது அவசியம். ஒரு மணல் துகள் போதும், இரவெல்லாம் சொட்டுவதற்கு. ஓ-ரிங் காய்ந்திருந்தால் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள்; பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம், சில வகை ரப்பரை அது உப்பச் செய்துவிடும்.

நான் வைத்திருந்த ஒரு கேனிஸ்டர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஓ-ரிங் தளர்ந்தபோது மாற்று ரிங்கைத் தேடினேன். அந்த மாடலையே தயாரிப்பாளர் நிறுத்திவிட்டிருந்தார். வேறு எந்த ரிங்கும் அந்தப் பள்ளத்தில் பொருந்தவில்லை. மோட்டார் முழு ஆரோக்கியத்துடன் இருக்கும்போதே அந்த ஃபில்டரைத் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. எனக்கு அது இன்றும் கோபம் தரும் விஷயம். ஓ-ரிங், இம்பெல்லர், அதன் தண்டு, குழாய் அடைப்பான் ஆகிய நான்கும் தனித்தனியாகக் கிடைக்கின்றனவா என்று தேடிப் பார்த்த பிறகே இப்போது எந்த ஃபில்டரையும் பரிசீலிக்கிறேன். எய்ஹைம் கிளாசிக்கில், ஓட்டத்தைத் தொடங்கிவைக்க முதலில் தண்ணீரை டப்பாவுக்குள் இழுக்கும் பொத்தான்கூடக் கிடையாது. ஆனால் பல ஆண்டுகளாக வடிவம் பெரிதாக மாறவில்லை, உதிரி பாகங்கள் கிடைக்கின்றன. அந்தப் பொத்தானைவிட இது மேல். பொத்தான் இருக்கும் ஃபில்டர்களில் காற்றுக் கசிவு பல முறை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மின்தடையைப் பற்றி யாரும் வாங்கும்போது நினைப்பதில்லை. ஓட்டம் நின்றால், மூடிய டப்பாவுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் எஞ்சிய ஆக்சிஜனைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். பிறகு அழுகல் தொடங்கும். மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக ஓடி அந்தக் கெட்ட தண்ணீரை நேரே தொட்டிக்குள் கொட்டும். தடை சிறிது நேரமே நீடித்தால் கவலையில்லை. பல மணி நேரம் நீண்டுவிட்டால் பிளக்கைப் பிடுங்கி வைப்பேன். மின்சாரம் திரும்பியதும் டப்பாவைத் திறந்து, உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டி, ஊடகத்தைத் தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகே ஓடவிடுவேன். முட்டை நாற்றம் அடித்தால், முன்பு நிலைபெற்றிருந்த தொட்டியாக இருந்தாலும் சில நாட்களுக்கு அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதித்துப் பாருங்கள். பெரிய தொட்டிக்கு ஒரே பெரிய கேனிஸ்டரைவிட நடுத்தரமான இரண்டை நான் விரும்புவதற்கும் இத்தகைய நேரங்களே காரணம். ஒன்றைக் கழுவும்போதும் ஒன்று பழுதாகும்போதும் மற்றொன்று ஓடிக்கொண்டிருக்கும்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். மின்கம்பி சுவர் இணைப்புக்கு ஏறும் முன் கீழே ஒரு வளைவாகத் தொங்க வேண்டும். கம்பி வழியாக ஒழுகும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் அந்த இணைப்பில் இருப்பது கட்டாயம். டப்பாவைச் சற்று ஆழமான தட்டில் வையுங்கள்.

ஓட்டம் மீனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பெட்டா, ஏஞ்சல் போன்றவை நேரடியாக அடிக்கும் நீரோட்டத்தில் களைத்துவிடும். மலை ஓடைகளின் லோச் மீன்களுக்கு அதுவே வாழ்வு. என் ஏஞ்சல்களுக்காக, துளைகள் உள்ள நீண்ட குழாயைத் தொட்டியின் பக்கச் சுவரோடு கிடைமட்டமாகப் பொருத்தி, துளைகளை மேல்நோக்கிச் சாய்த்திருக்கிறேன். விசை சிதறுகிறது, நீரின் மேற்பரப்பு லேசாக அலைகிறது, ஆக்சிஜன் கரைகிறது. செடிகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு செலுத்துபவர்கள் மட்டும் இந்த அலைவை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும்; அதிகமானால் செலுத்திய வாயு வெளியேறிவிடும்.

பழைய ஃபில்டரிலிருந்து மாறுபவர்கள் அதை உடனே கழற்றிவிடாதீர்கள். ஒரு மாதத்துக்குக் குறையாமல் இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். அல்லது பழைய பஞ்சை அப்படியே புதிய கேனிஸ்டரின் கூடைக்குள் வைத்துவிடுங்கள். எது எப்படியானாலும், கேனிஸ்டர் வந்துவிட்டது என்பதற்காகத் தண்ணீர் மாற்றுவதைக் குறைக்கக் கூடாது. நைட்ரேட் உள்ளேயே சேர்கிறது. நைட்ரேட் ஆக்கும் அந்த வேலையில் அமிலத்தை ஈடுசெய்யும் தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மை குறைந்து, பி.எச். மெல்ல இறங்குகிறது, அதாவது தண்ணீர் அமிலத்தன்மை அடைகிறது. இரண்டையும் புதிய தண்ணீர்தான் சரிசெய்யும்.

60 லிட்டருக்கும் குறைவான தொட்டிக்கும், குட்டி வளர்க்கும் தொட்டிக்கும், இறால் தொட்டிக்கும் கேனிஸ்டர் தேவையே இல்லை என்பது என் கருத்து. காற்று பம்பில் ஓடும் பஞ்சு ஃபில்டர் அங்கே நிறைவாக வேலை செய்யும்.

பயன்படுத்திய கேனிஸ்டரை வாங்குவதில் தவறில்லை; நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிளிப்புகளில் வெள்ளைக் கோடாக விரிசல் இருக்கக் கூடாது. இம்பெல்லரை எடுத்துப் பார்த்தால் தண்டு உடையாமல், காந்தம் உப்பாமல் இருக்க வேண்டும். வாளித் தண்ணீரில் ஓடவிட்டுக் கேளுங்கள். தொடக்கத்தில் வரும் கடகடப்பு உள்ளே மாட்டிய காற்றாக இருக்கலாம், டப்பாவை இப்படியும் அப்படியும் சாய்த்தால் குமிழிகள் வெளியேறி அடங்கிவிடும். அடங்காமல் தொடர்ந்தால் தண்டோ அதன் துளையோ தேய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். பிறகு தண்ணீர் நிரப்பி மூடி, அடியில் காய்ந்த காகிதம் விரித்து, ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். காகிதம் காலையில் ஈரமாக இருந்தால் முதலில் ஓ-ரிங்கை மாற்றிப் பாருங்கள்; அதன் பிறகும் நனைந்தால் விரிசல் டப்பாவிலேயே இருக்கிறது, அதை வாங்க வேண்டாம்.